விழ வேண்டிய கோதுமை

தைப் பொங்கல் கழிந்த வாரத்தில் குருவி விரட்டுவதற்காக நான் மலை ஏறினேன். எழுபதைத் தாண்டிய ஆள் குருவி விரட்ட வெள்ளிமலை வரைக்கும் போக வேண்டுமா, சின்னசேலத்தில் குருவி இல்லையா என்று எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. இருக்கிறது. ஆனால் மலையில் இருந்த குருவிகள் என் மருமகளின் கோதுமை மேல் கண் வைத்திருந்தன.

நான் படித்தவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மகன் எழுதுகிறான். என் பேச்சை உன் விருப்பத்துக்கு நேராக்கிக்கொள், மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்குள் போகவில்லையே தவிர, அதன் வாசல் வரைக்கும் தினமும் போயிருக்கிறேன். எங்கள் சின்ன வயதில் அங்கே மத்தியானம் கோதுமை ரவை உப்புமா போடுவார்கள். வாத்தியார் என்னைப் பார்த்து, "பாடத்துக்கு வராதவன் உப்புமாவுக்கு மட்டும் கரெக்டா வந்துட்ற" என்பார். ஆனாலும் தட்டில் போடச் சொல்லுவார். அதனால் கோதுமை என்றால் எனக்கு வெந்து, தாளித்து, தட்டில் விழுகிற சாமான்தான். அது செடியாக நிற்கும், அதன் தண்டைப் பற்றி ஒரு பெண் வருஷக்கணக்காகப் படிப்பாள் என்பதெல்லாம் மருமகள் வந்த பிறகு தெரிந்துகொண்டது.

மருமகள் பெயர் கவிதா. விவசாயக் கல்லூரியில் பெரிய படிப்பு படிக்கிறாள். கோதுமைக்குக் குளிர் வேண்டும் என்பதால் வெள்ளிமலைப் பக்கம் காளியம்மா என்பவளின் கொல்லையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி விதைத்திருந்தாள். காவலுக்கு இருந்த காளியம்மாவின் புருஷன் காப்பிப்பழம் பறிக்கிற வேலைக்குக் குடகுப் பக்கம் போய்விட்டார். கதிரில் பால் பிடிக்கிற நேரம். "ஒரு வாரம் வந்து ஒக்காந்துக்கினு இருந்தா போதும் மாமா" என்று கவிதா போனில் கேட்டாள்.

என் வீட்டுக்காரி ஒரு நிபந்தனை போட்டாள். "நீங்க மட்டும் போனா குருவி வரதுக்குள்ள தூங்கிடுவீங்க. எந்தம்பிய கூட்டிக்கினு போங்க."

அவள் தம்பி கோவிந்தன் எனக்கு ஒரே மச்சான். குட்டையான ஆள். கரும்புக் கொல்லையில் வளர்ந்தவன். எங்கள் பக்கம் கரும்பு ஓங்கி வளர்ந்து காற்றுக்குச் சாயப் பார்க்கும்போது, பக்கத்துப் பக்கத்துக் கரும்புகளைச் சேர்த்து அதன் காய்ந்த இலையான சோகையாலேயே கட்டி நிறுத்துவோம். அதற்கு விட்டம் கட்டுவது என்று பேர். கோவிந்தன் விட்டம் கட்டிய கொல்லையில் கரும்பு படுத்தது என்று யாரும் சொன்னதில்லை. அவன் கை அப்படி. கண்ணும் அப்படித்தான், எது கோணலாக நின்றாலும் அவனுக்குப் பொறுக்காது.

அவனிடம் இன்னொரு குணமும் உண்டு. எதிரில் இருக்கிறவருக்கு எது பிடிக்குமோ அதைத்தான் சொல்லுவான். ஒரு தடவை மாடு வாங்கச் சந்தைக்கு அவனைக் கூட்டிப்போனேன். என்னிடம் "இந்த வெலைக்கு இந்த மாடு ஜாஸ்தி மச்சான்" என்றான். நான் திரும்புவதற்குள் மாட்டுக்காரரிடம், "இவ்ளோ நல்ல மாட்ட இவ்ளோ கம்மியா குடுக்கறீங்களே" என்றான். மாட்டுக்காரர் கயிற்றை இழுத்துக்கொண்டு போயே போய்விட்டார். அதிலிருந்து சந்தைக்கு நான் தனியாகத்தான் போகிறேன்.

முதல் நாள் மலை ரோட்டிலேயே பொழுது போய்விட்டது. ஒரு வளைவில் மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று டயர் வெடித்துக் குறுக்கே நின்றது. எங்கள் பஸ்ஸால் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கண்டக்டர் எல்லோரையும் இறங்கச் சொன்னார். கீழே பார்த்தால் எங்கள் சமவெளி ஒரு பாய் விரித்தது மாதிரி தெரிந்தது. அதில் எது சின்னசேலம் என்று ரெண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா மடியிலிருந்து வேர்க்கடலையை எடுத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோர் கையிலும் போட்டாள்.

நான் கடலை உரித்துக்கொண்டே திரும்பினால் மச்சானைக் காணோம். லாரி மேல் இருந்தான். கிழங்கு மூட்டைகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. அவன் கயிற்றை அவிழ்த்து, காலால் முட்டுக் கொடுத்து, மறுபடி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"யோவ் பெரியவரே, எறங்குய்யா! வுழுந்து வச்சீன்னா கேஸு எம்மேல வரும்" என்று டிரைவர் கத்தினார்.

"நான் எங்கப்பா வுழப் போறேன்? ஒன் மூட்டைதான் வுழப் போவுது. எவன்யா இத்த கட்னவன்?"

"நான்தான்."

"நல்லாத்தான் கட்டிக்கிற" என்றான் கோவிந்தன் உடனே. "கயிறுதான் சரியில்ல."

ரெண்டு பக்கத்து ஆண்களும் சேர்ந்து டயரை மாற்றினார்கள். லாரி போனபோது டிரைவர் கோவிந்தனுக்கு நாலு கிழங்கு கொடுத்துவிட்டுப் போனார். அவன் அதைத் துண்டில் முடிந்துகொண்டு மீதி வழி முழுக்க என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான்.

காளியம்மா வீட்டில் அன்றைக்கு ராத்திரி சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும். சாமைச் சோறு வாயில் போட்டதும் தனித்தனியாக உதிர்கிறது. குழம்பு அதைப் பிடித்துக் கட்டுகிறது. எங்கள் வீட்டில் அரிசிச் சோற்றுக்குக் குழம்பு வைத்தால் சோறு அதைக் குடித்துவிடும், இங்கே குழம்பு சோற்றைத் தூக்கிக்கொண்டு போகிறது. மூன்று தரம் வாங்கினேன். கோவிந்தன் நாலு.

"இன்னா பெரியப்பா, குருவி வெரட்ட வந்தீங்களா, குருவிக்குப் போட்டியா வந்தீங்களா?" என்றாள் காளியம்மா. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் பேசிக்கொண்டே இருக்கிறவள். மலையில் ஆட்கள் அமைதியாக இருப்பார்கள் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னவர் காளியம்மாவைப் பார்த்ததில்லை.

காலையில் கவிதா எங்களைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். பாத்தி பாத்தியாகக் கோதுமை. ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு குச்சி, குச்சியில் நம்பர். எனக்கு எழுத்துத் தெரியாது, நம்பர் தெரியும்; பஸ் ஏறித் திரிந்தவனுக்கு அது கூடவா தெரியாது. சில பாத்தியில் முழங்கால் உயரம். சில பாத்தியில் என் மார்பு உயரம். குட்டை எல்லாம் வடக்கே இருந்து வந்த ரகம், நெட்டை எல்லாம் நம் பக்கத்துப் பழைய சம்பா கோதுமை, மீதியெல்லாம் இந்த ரெண்டையும் கலந்து அவள் உண்டாக்கிய பிள்ளைகள் என்றாள்.

"குட்டை சாயாது மாமா. நெட்டைதான் காத்துக்குச் சாயும்."

"அப்ப குட்டையவே போட்டுட்டுப் போவேண்டியதுதானே?" என்று கோவிந்தன் கேட்டான். குட்டைக்குப் பரிந்து பேச அவனுக்குச் சொந்தக் காரணம் இருந்தது.

காளியம்மா விட்டுவிடுவாளா. "குட்டைய போட்டா வைக்கோலு எங்க வரும்? மாடு இன்னாத்த திங்கும், என்னையா?"

அதற்குத்தான் கவிதா பாடுபடுகிறாள். நெட்டையாகவும் இருக்க வேண்டும், சாயவும் கூடாது. ரெண்டு தண்டை அறுத்து உள்பக்கத்தைக் காட்டினாள். ஒன்று, இளநீர் குடிக்கிற குழல் மாதிரி உள்ளே வெறும் பொந்து. இன்னொன்றில் சுவர் கெட்டி. நடுவில் ஊசி நுழைகிற ஓட்டைதான்.

"கல்மூங்கிலு மாதிரி இருக்குது பாப்பா" என்றாள் காளியம்மா.

"அதேதான் அக்கா. நெட்டைக்கு ஒரு மரபணு, தண்டு கெட்டிக்கு வேற மரபணு. ரெண்டும் தனித்தனியா எறங்கும். எங்கனா ஒரு செடியில ரெண்டும் வந்து சேரும்."

மரபணு என்றால் என்ன என்று நான் கேட்டேன். அவள் யோசித்தாள். "உங்க மகன் ஒசரம் உங்க ஒசரம். மூக்கு அத்தயோட மூக்கு. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட வந்து சேந்துச்சி இல்ல? அந்த மாதிரி மாமா."

"அப்ப என் முட்டி வலி யார்ட்டேருந்து எறங்குச்சி?" என்றான் கோவிந்தன்.

"அது நீங்க லாரி மேல ஏறுனதுல வந்தது, சின்ன மாமா."

பதினேழு என்று எழுதிய பாத்திக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். என் மார்பு உயரம் இருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னாள். மற்ற தண்டெல்லாம் விரலுக்கு நசுங்கும், இது நசுங்கவில்லை. "இதுலதான் ரெண்டும் சேந்துருக்குன்னு நெனைக்கறேன். நெனச்சா மட்டும் போதாது, மழை வரணும்" என்றாள்.

கதிர் வந்த நேரத்தில் காற்றோடு மழை அடித்தால்தான் எது படுக்கும், எது நிற்கும் என்று தெரியுமாம். ரெண்டு வருஷமாக அந்த நேரத்தில் ஒரு சொட்டு இல்லை. எல்லாப் பாத்தியும் அழகாக நின்றன. அவளுக்கு எழுதிக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. இந்தப் போகத்தோடு அவளுக்குக் கொடுத்த காலம் முடிகிறது. இந்தத் தடவையும் விழாவிட்டால் இத்தனை வருஷப் பாடும் பாதியில் நிற்கும்.

என் வாழ்நாளில் பயிர் விழாமல் இருக்கச் சாமி கும்பிட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். விழ வேண்டும் என்று கும்பிடுகிறவள் என் வீட்டுக்கே மருமகளாக வந்திருக்கிறாள். இதில் வேடிக்கை என்னவென்றால், காளியம்மா பாறை மேல் கேழ்வரகு காய வைத்திருந்தாள். அவள் மழை வேண்டாம் என்று கும்பிடுகிறாள். ரெண்டு பேரும் விளக்கு வைப்பது மேட்டில் இருக்கிற ஒரே கோயிலில். "சாமி யார் பேச்ச கேக்கும்?" என்று கேட்டேன். "எண்ண யாரு ஜாஸ்தி ஊத்தறாங்களோ அவங்க பேச்ச" என்றாள் காளியம்மா.

அன்றைக்கு மத்தியானம் கவிதா ஒரு கூட்டத்துக்காகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினாள். மறுநாள் வந்துவிடுவதாகச் சொன்னாள். நானும் மச்சானும் தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மலைக் கிளிகளுக்கு மரியாதை கிடையாது. எங்கள் ஊர்க் கிளி கையை ஓங்கினாலே பறக்கும். இது தலையைச் சாய்த்து, தட்டுகிறவன் யார், அவன் வயசு என்ன என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறது.

சாயங்காலம் மேற்கே கறுத்தது. காளியம்மா கேழ்வரகை வாரி உள்ளே கொட்டிக்கொண்டே வானத்தைத் திட்டினாள். ராத்திரி முழுக்கக் காற்றும் மழையும். காலையில் போய்ப் பார்த்தால், கொல்லை மாடு புரண்ட மாதிரி கிடந்தது. பாத்தி பாத்தியாகக் கோதுமை தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

எனக்கு ஒரே குஷி. இதை முதலில் மருமகளுக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். அங்கே சிக்னல் கிடையாது. மேட்டுக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பாறை மேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். மச்சானிடம் "பாத்துக்கோ, வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வழுக்குகிற பாதை, என் கால் வேகம் ஊருக்கே தெரியும். போய்ச் சேர நேரம் ஆனது.

"வுழுந்துடிச்சிம்மா!" என்றேன்.

போனில் அவள் போட்ட சத்தத்தில் ஒரு நிமிஷம் அவள்தான் எங்கேயோ விழுந்துவிட்டாள் என்று நினைத்தேன். "மாமா, யாரும் கிட்ட போவாதீங்க! ஒண்ணையும் தொடாதீங்க! எது எப்படிக் கெடக்குதோ அப்படியே கெடக்கட்டும். நான் இப்பவே ஏறி வரேன்."

அந்தச் சேதியைச் சுமந்துகொண்டு நான் திரும்பி வந்தேன். தூரத்திலேயே மனசுக்குள் ஏதோ உறுத்தியது. கொல்லை ரொம்ப அழகாக இருந்தது.

"வா மச்சான்!" என்று கோவிந்தன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் காளியம்மா, கையில் வாழைநார்க் கட்டு. "பாத்தியா, ஒண்ணு கூட படுக்கல. பாப்பா வந்து பாத்தா வயிறு எரியுமேன்னு ரெண்டு பேரும் சேந்து தூக்கிக் கட்டிட்டோம். கதுர்ல இருந்த சேறக்கூட ஈரத்துண்டால தொடச்சி வுட்டுட்டேன்."

பிடி பிடியாகச் சேர்த்து, வாழைநாரால் சுற்றி, கொல்லை முழுக்க விட்டம் கட்டியிருந்தான். கல்யாணத்துக்குத் தலை பின்னி விட்ட மாதிரி இருந்தது. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"வுழணும்னு தானேடா அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா காத்துக்கினு கெடக்குது!"

"வுழுந்துதே மச்சான்! அதான் வுழுந்து முடிஞ்சிப் போச்சே. அப்புறமும் எதுக்கு சேத்துல கெடக்கணும்?"

கரும்புக்காரனுக்குப் பயிர் படுத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது, பெற்ற பிள்ளை விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி. கை தானாகப் போகும். நான் அங்கே இருந்திருந்தால் என் கையும் போயிருக்குமோ என்னவோ.

கவிதா ஜீப்பில் வந்து, ரோட்டில் மரம் விழுந்திருந்ததால் மீதியை நடந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. கொல்லையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். செருப்பைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

கிளி ஒன்று வந்து கதிரில் உட்கார்ந்தது. அதை விரட்டக்கூட எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

காளியம்மாதான் வாயைத் திறந்தாள். "அவர ஏசாத பாப்பா. நாரு கொண்டாந்து குடுத்தது நான்தான். அதுவும் பத்தல. வுழுந்ததுக்கு மட்டுந்தான் கட்ட முடிஞ்சிச்சி. நிக்கிறத நாங்க தொடவே இல்ல."

கவிதா தலையைத் தூக்கினாள். "இன்னா அக்கா சொன்ன?"

"நாரு பத்தலன்னு சொன்னேன்."

"அதுக்கு அப்பறம்."

"நிக்கிறத தொடலன்னு."

அவள் எழுந்து பாத்திகளுக்கு நடுவில் நடந்தாள். குட்டை ரகம் எதிலும் கட்டு இல்லை. நெட்டை எல்லாவற்றிலும் கட்டு. கலந்த பிள்ளைகளில் சிலதில் உண்டு, சிலதில் இல்லை. ஒரு கட்டைக் குனிந்து பார்த்தாள், பக்கத்துக் கட்டையும் பார்த்தாள்.

"சின்ன மாமா, இது ஒரு சுத்து. இது ரெண்டு சுத்து. ஏன்?"

கோவிந்தன் எனக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தான். "லேசா சாஞ்சதுக்கு ஒரு சுத்து போதும்மா. தரையோட படுத்தது திரும்பத் திரும்பப் படுக்கும், அதுக்கு ரெண்டு சுத்து. கரும்புக்கும் அப்டித்தான்."

கவிதா சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். எது சாய்ந்தது, எது படுத்தது, எது நின்றது என்று அவள் குறித்துக்கொள்ள வேண்டியது அத்தனையும் கொல்லையில் வாழைநாரில் கிடந்தது. ஒவ்வொரு பாத்தியாகப் போய்ச் சுற்றுகளைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். கோவிந்தன் கொஞ்சம் கொஞ்சமாக என் பின்னாலிருந்து வெளியே வந்து, முன்னால் நடந்து, கடைசியில் அவளுக்கே வழி காட்ட ஆரம்பித்தான்.

பதினேழில்தான் வந்து முட்டியது. அதிலும் கட்டு இருந்தது. எல்லாம் ஒரு சுற்று.

"இது சாஞ்சிச்சா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"சாயல" என்றான் கோவிந்தன்.

"சாயலன்னா ஏன் கட்னீங்க?"

"ரெண்டு பக்கத்துப் பாத்தியும் கட்டியாச்சி. நடுவுல இது மட்டும் தலைய விரிச்சிப் போட்டுக்கினு நின்னுச்சி. வரிசை நல்லால்ல. மிச்சம் இருந்த நாரு இதுக்குக் கரெக்டா இருந்திச்சி. அதான்."

அவள் அவனையே பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்கு மாட்டுச் சந்தை ஞாபகம் வந்தது. இந்தப் பதிலைத்தான் அவள் கேட்க ஆசைப்பட்டாள். எதிரில் இருப்பவர் ஆசைப்படுவதைச் சொல்லுகிற ஆள்தான் இவன். காளியம்மா அந்த நேரம் இன்னும் கொஞ்சம் நார் கொண்டுவரப் போயிருந்தாளாம், பார்க்கவில்லை. சேறு ஒட்டியிருந்தால் விழுந்ததா என்று தெரிந்திருக்கும். அதையும் இவன் துடைத்துவிட்டான். கவிதா பதினேழின் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள், நேராகத்தான் நின்றது. ஆனால் லேசாகச் சாய்ந்த வேறு சிலதையும் அவிழ்த்தபோது அவையும் நின்றன.

"மாமா, நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் திரும்பினாள். "காலையில நீங்க பாத்தப்ப இது எப்படி இருந்திச்சி?"

"நான் கும்பலாத்தான் பாத்தேம்மா. வுழுந்ததேன்னு சந்தோஷத்துல ஓடிட்டேன்" என்றேன்.

அவள் பதினேழுக்கு நேராக ஒரு கேள்விக்குறி போட்டாள். "கோவிச்சிக்காதீங்க சின்ன மாமா. பாத்தது ஒருத்தர். அவரும் சொந்தக்காரர். நான் எழுத முடியாது."

கோவிந்தன் தலையை ஆட்டினான். அன்றைக்கு ராத்திரி காளியம்மா, லாரிக்காரர் கொடுத்த கிழங்கை வேக வைத்து, காரம் அரைத்துப் போட்டாள். அப்படி ஒரு ருசியான கிழங்கை நான் சாப்பிட்டதில்லை. மச்சான் ஒரு துண்டோடு கை கழுவினான். எனக்குப் பயம் வந்தது. அவன் அப்பா செத்த அன்றைக்குக்கூடச் சாப்பிட்டவன் அவன்.

"மச்சான்" என்றான் என்னிடம் மெதுவாக. "நீயும் நம்பலயா?"

"மாட்டுக்காரன்கிட்ட இன்னா சொன்ன?"

"அது மாடு. நல்ல வார்த்த சொன்னா ஒருத்தருக்கும் நஷ்டமில்லன்னு சொல்லிட்டேன். இது அந்தப் பொண்ணோட பொழப்பு மச்சான். இதுல போயி பொய்யி சொல்லுவனா?"

எனக்கு மாடு நஷ்டமானதை அந்த நேரத்தில் நான் ஞாபகப்படுத்தவில்லை.

எங்கள் ஒரு வாரம் முடிந்தது. நாங்கள் இறங்கவில்லை. இன்னொரு மழை வராமல் நகர மாட்டேன் என்று கோவிந்தன் சொல்லிவிட்டான். கட்டெல்லாம் அவிழ்த்தாகிவிட்டது. படுத்ததில் பாதி மறுபடி படுத்தது, மீதி கூன் போட்டுக்கொண்டு நின்றது. வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. தை மாதத்தில் ஒரு மழை வந்ததே அதிசயம், ரெண்டாவது எங்கே வரப்போகிறது என்று டீக்கடையில் ஒருத்தர் சொன்னார். கோவிந்தன் அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டான். எதிரில் இருப்பவரிடம் அவன் கோபித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காளியம்மாவின் கேழ்வரகு காய்ந்து, குதிருக்குள் போனது. அன்றைக்குச் சாயங்காலம் அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு மேட்டுக் கோயிலுக்குக் கிளம்பினாள். "எங் கேவுரு உள்ள போயாச்சி. இப்ப நானும் பாப்பா கட்சி" என்றாள். கோவிந்தன் ஏற்கெனவே தினமும் போய் ஊற்றிக்கொண்டிருந்தான். மூன்று பேர் எண்ணெய் ஊற்றினால் சாமி என்ன செய்யும்.

ரெண்டு நாள் கழித்து, மத்தியானம் நாங்கள் களி தின்றுகொண்டிருந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. களியை அப்படியே வைத்துவிட்டு நாலு பேரும் கொல்லைக்கு ஓடினோம். ஓடினோம் என்றால், மூன்று பேர் ஓடினார்கள், நான் வந்தேன். கவிதா எங்கள் எல்லோரையும் வரப்போரப் பாறையில் வரிசையாக உட்கார வைத்தாள். உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதலில் காற்று வந்தது. கோதுமை முழுக்க ஒரு பக்கமாகக் குனிந்து நிமிர்ந்தது. அப்புறம் மழை, சாய்த்து வைத்து அடித்தது. பதினாறு போயிற்று. பதினெட்டு, மாடு படுப்பது மாதிரி முன்காலை மடக்கி மெதுவாகப் படுத்தது. பதினேழு குனிந்தது. தலை தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தது. கவிதா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் எனக்கு அழுந்தியது. காற்று விட்டது. பதினேழு எழுந்து நின்றது. மறுபடி அடித்தது, மறுபடி குனிந்தது, மறுபடி எழுந்தது.

மழை ஓய்ந்தபோது ரெண்டு பக்கமும் படுத்துக் கிடக்க, நடுவில் அது மட்டும் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டுதான் நின்றது. மச்சான் சொன்னது சரி, வரிசை நன்றாகத்தான் இல்லை.

"நாலு பேரு பாத்தாச்சி, சின்ன மாமா" என்றாள் கவிதா.

"நான் சொந்தக்காரி இல்ல, என்னையும் சேத்து எழுதிக்க" என்றாள் காளியம்மா.

நான் மச்சானிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அவன் நாங்கள் பேசியதைக் கேட்கவே இல்லை. அவன் கண் பதினாறு மேலும் பதினெட்டு மேலும் இருந்தது. சேற்றில் கிடந்த கதிர்களைப் பார்த்து அவன் விரல்கள் தானாக மடங்கி மடங்கி விரிந்தன. ஒரு கால் பாறையிலிருந்து இறங்கிவிட்டது.

"சின்ன மாமா..." என்றாள் கவிதா.

காலை மேலே இழுத்துக்கொண்டான். தோளில் இருந்த ஈரத்துண்டை எடுத்து என்னிடம் நீட்டி, ரெண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்தான்.

"கட்டு மச்சான். ரெண்டு சுத்தா போடு."

கட்டினேன். கவிதா எல்லாப் பாத்தியையும் எழுதி முடிக்கிற வரைக்கும் அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். மீதிக் களியைக் காளியம்மா பாறைக்கே கொண்டுவந்தாள். நான் ஊட்டிவிட்டேன். நாலு உருண்டை தின்றான்.